ஓர் ஊரைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 1900 முதல் 1921 வரையிலான பிரிட்டனை இணையத்தில் படிக்கும் வழி

முதல் உலகப் போர்க்கால பிரிட்டனைப் பற்றிப் படிக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் பதுங்குகுழி வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். சோம் சண்டை, எந்திரத் துப்பாக்கி, விஷவாயு, தளபதிகளின் பெயர்கள். கொஞ்ச நாளில் தேதிகளும் எண்களும் நிறையச் சேர்ந்துவிடும். ஆனால் அந்தச் சிப்பாய் படையில் சேர்வதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தான், அவன் வீட்டில் எத்தனை பேர், எத்தனை குழந்தைகள் செத்துப்போயின, அந்த வேலை ஏன் அவனைப் பிடித்து வைக்கவில்லை என்று கேட்டால் பதில் இருக்காது.

அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் ஓர் ஊரைத் தேர்ந்தெடுங்கள். அதன் தெருக்களையும் ஆலைகளையும் வீடுகளையும் 1914க்கு முன்பிருந்தே பார்த்துக்கொண்டு வாருங்கள். போர் தானாக அந்த ஊருக்குள் வந்து சேரும். வரலாறு படிக்கும் மாணவர்களுக்கும், அந்தக் காலத்தை வைத்து நாவல் எழுத நினைப்பவர்களுக்கும், தொலைக்காட்சித் தொடர் பார்த்து ஆர்வம் வந்தவர்களுக்கும் இதே வழி போதும். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்தபடி, பெரும்பகுதியைக் காசு கொடுக்காமலே செய்யலாம்.

இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொள்ளும் ஊர் அக்ரிங்டன். வடமேற்கு இங்கிலாந்தில், லங்காஷயர் மாவட்டத்தில் உள்ள பஞ்சாலை நகரம். பக்கத்து ஊரான பிளாக்பர்னில் நம் ஊர்களுக்கு வேட்டித் துணி நெய்து கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். அக்ரிங்டன் பெயரில் 1914 செப்டம்பரில் ஒரு பட்டாலியன், அதாவது சுமார் ஆயிரம் பேர் கொண்ட காலாட்படைப் பிரிவு, திரட்டப்பட்டது. சோம் சண்டையின் முதல் நாளான 1916 ஜூலை 1 காலை, பிரான்சில் சேர் என்ற கிராமத்தைத் தாக்கப் போன அதன் ஆட்கள் சுமார் 720 பேரில் 584 பேர் அரைமணி நேரத்துக்குள் இறந்தோ காயம்பட்டோ காணாமலோ போனார்கள். இவ்வளவு எழுதப்பட்ட ஊர் என்பதால் தொடக்கக்காரர்களுக்குத் தடயம் எளிதில் கிடைக்கும். நீங்கள் வேறு ஊரைக்கூட எடுக்கலாம். ஆனால் லண்டனை மட்டும் முதலில் எடுக்காதீர்கள்; அதன் பரப்பிலேயே தொலைந்துபோவீர்கள்.

உட்காரும் முன்

இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலாவது பணம். 1971 பிப்ரவரி வரை பிரிட்டனில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. பழைய ஆவணங்களில் பென்ஸைக் குறிக்க ஆங்கில ‘டி’ எழுத்துதான் இருக்கும். கினி என்று வந்தால் 21 ஷில்லிங். இன்றைய மதிப்பு எவ்வளவு என்று உடனே மாற்றிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் அதற்கென்று ஒரு கணிப்பானும் இருக்கிறது. இருந்தாலும் அந்தக் காலத்துத் தொகைகளையே ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பது நல்லது. 1909 ஜனவரியில் தொடங்கிய முதியோர் ஓய்வூதியம், 70 வயது தாண்டியவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை. 1914இல் சாதாரணக் காலாட்படைச் சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் நாளுக்கு ஒரு ஷில்லிங். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றத் தொகைகள் தானாகப் பிடிபடும்.

இரண்டாவது, ‘பிரிட்டன்’ என்பது ஒரே அலுவலகம் கிடையாது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சேர்த்து ஒரு பதிவு முறை. ஸ்காட்லாந்துக்குத் தனி, அதன் பதிவுகள் ‘ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்’ தளத்தில் உள்ளன. அன்றைக்கு முழு அயர்லாந்தும் ஐக்கிய ராச்சியத்தில்தான் இருந்தது. ஆனால் அதன் 1901, 1911 கணக்கெடுப்புத் தாள்கள் இன்று டப்ளினில் உள்ள அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் முழுக்க இலவசமாகக் கிடைக்கின்றன. காசு செலவழிக்காமல் கணக்கெடுப்புத் தாள் எப்படி இருக்கும் என்று பழக வேண்டுமானால் அங்கே போய் டப்ளினின் ஏதாவதொரு தெருவைத் திறந்து பாருங்கள்.

முதல் படி: வரைபடம்

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்தைத் திறங்கள். பெயரில் ஸ்காட்லாந்து இருந்தாலும், இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்குமான பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டிஷ் அரசின் நில அளவைத் துறை) வரைபடங்கள் அதில் இருக்கின்றன, இலவசமாக. ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் வரைந்தவை ஊரின் அமைப்பைப் பார்க்க. இருபத்தைந்து அங்குல அளவில் வரைந்தவை ஒவ்வொரு வீட்டையும் கொல்லையையும் பார்க்க. பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் வசதியும் உண்டு. நான் எந்த ஊரைத் தொட்டாலும் முதலில் இதைத்தான் திறப்பேன்.

அக்ரிங்டனைத் தேடினால் என்ன தெரிகிறது? ரயில்பாதை, பஞ்சாலைகள், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள், எக்கச்சக்கமான தேவாலயங்கள். நகரத்து நடுவே ஹோவர்ட் அண்ட் புல்லோ என்ற நிறுவனத்தின் பெரிய தொழிற்சாலை. நூற்பு எந்திரங்கள் செய்து உலகம் முழுக்க விற்ற இடம் அது. வேலைக்குப் போக எத்தனை நிமிடம் நடந்திருப்பார்கள் என்று அளந்து பாருங்கள். சந்தை எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று பாருங்கள். ஐந்தாறு தெருப் பெயர்களைக் குறித்து வையுங்கள். அடுத்த படியில் வேண்டும்.

லண்டன்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு ஒரே ஒரு சலுகை: லண்டன் வறுமையைத் தெருத்தெருவாக ஆராய்ந்த சார்ல்ஸ் பூத்தின் பெயரில் லண்டன் பொருளியல் பள்ளி நடத்தும் தளம். 1898–99 வறுமை வரைபடத்தில் ஒவ்வொரு தெருவும் அங்கே வசித்தவர்களின் நிலைமைக்கேற்ப வண்ணம் பூசப்பட்டிருக்கும். மஞ்சள் என்றால் பணக்காரர்கள், கறுப்பு என்றால் அடித்தட்டு. போலீஸ்காரர்களோடு தெருத்தெருவாக நடந்த ஆய்வாளர்களின் குறிப்பேடுகளும் படங்களாக இருக்கின்றன. சுவாரசியமான படிப்பு. ஆனால் கறுப்புத் தெருவைப் பற்றி அவர்கள் எழுதிய வார்த்தைகளில் போலீஸ்காரரின் பார்வை எவ்வளவு, ஆய்வாளரின் வர்க்கம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.

இரண்டாம் படி: வீட்டுக்குள் போவது

இந்தக் காலத்தைப் படிக்க ஒரே ஓர் ஆவணம்தான் தருவேன் என்று யாராவது சொன்னால், 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான் கேட்பேன்.

கணக்கெடுத்த நாள் 1911 ஏப்ரல் 2. அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் நமக்குக் கிடைப்பது அலுவலர் நகலெடுத்த ஏடு. 1911இல் குடும்பத் தலைவர் தன் கையால் நிரப்பிய தாளே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. கையெழுத்து, எழுத்துப்பிழை, மை சிந்திய கறை எல்லாம் உண்டு. மணமான பெண்களிடம் மூன்று விஷயம் கேட்டார்கள்: கல்யாணமாகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, அவர்களில் இப்போது உயிரோடு இருப்பவர்களும் இறந்தவர்களும் எத்தனை. பத்துப் பதினைந்து தாள்களில் அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் படித்தாலே ஒரு தெருவின் வாழ்க்கை புரிய ஆரம்பிக்கும். விதவைகளும் மனைவியை இழந்தவர்களும் கேட்காமலே இதை நிரப்பிவிடுவார்கள். அலுவலர் அதைக் கோடு போட்டு அடித்திருப்பார். அடித்ததற்குக் கீழே இருப்பதையும் படிக்கலாம்.

அக்ரிங்டன் தாள்களில் தொழில் கட்டத்தைக் கவனியுங்கள். நெசவாளர் என்று அப்பா, அம்மா, பெரிய பெண் எல்லோருக்கும் இருக்கும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு ‘அரைநேரம்’ என்று குறிப்பு வரலாம். அரைநாள் பள்ளி, அரைநாள் ஆலை. பஞ்சாலை மாவட்டங்களில் இது சட்டப்படி நடந்தது. இதை ஒழிக்கும் சட்டமே 1918இல்தான் வந்தது. 1916இல் சிப்பாயாக நின்றவர்களில் பலர் பிள்ளைப் பருவத்தில் இப்படித் தறிக்குப் பக்கத்தில் நின்றவர்கள்.

சில தாள்கள் காலியாகவும் இருக்கும். ஓட்டுரிமை கேட்ட பெண்கள் அந்தக் கணக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள். ‘ஓட்டில்லை என்றால் கணக்கும் இல்லை’ என்று தாள் மீது எழுதியவர்களும் உண்டு. அன்றிரவு வீட்டிலேயே இல்லாமல் போனவர்களும் உண்டு. அவர்களில் ஒருவரான எமிலி வில்டிங் டேவிசன் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே ஓர் அலமாரியில் ஒளிந்திருந்தார். இன்னாரைக் காணோம் என்பதும் ஒரு தகவல்தான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

எங்கே பார்ப்பது? இங்கிலாந்துத் தாள்களின் படங்கள் ‘ஃபைண்ட்மைபாஸ்ட்’, ‘ஆன்செஸ்ட்ரி’ ஆகிய சந்தாத் தளங்களில். ‘ஃபேமிலிசர்ச்’ தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் பெயர்ப் பட்டியல் அளவுக்காவது தேடலாம். என் யோசனை: முதல் மாதம் எதற்கும் பணம் கட்டாதீர்கள். யார் யாரைப் பார்க்க வேண்டும், எந்தத் தெரு என்ற பட்டியல் கையில் சேர்ந்த பிறகு, ஒரே ஒரு மாதச் சந்தா எடுத்து எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். பட்டியல் இல்லாமல் சந்தா எடுத்தால் யார் வீட்டையோ பார்த்துக்கொண்டே மாதம் போய்விடும்.

1921 கணக்கெடுப்பு போரின் மறுகரை. வேலைநிறுத்தத்தால் தள்ளிப்போய் 1921 ஜூன் 19 அன்று எடுக்கப்பட்டு, நூறாண்டு ரகசியம் முடிந்து 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதில் வேலை தரும் நிறுவனத்தின் பெயரும் இருக்கும். குழந்தைகளுக்குத் தாய் தந்தை உயிரோடு இருக்கிறார்களா என்ற கேள்வியும் இருக்கும். ஒரே தெருவை 1911லும் 1921லும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு பெரிய பள்ளம்: இங்கிலாந்து, வேல்ஸின் 1931 தாள்கள் 1942 டிசம்பரில் ஒரு தீயில் எரிந்துபோயின. 1941இல் போர் காரணமாக எடுக்கவே இல்லை. 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த பதிவேடுதான் இடையில் நிற்கும் ஒரே பாலம்.

பிறப்பு, திருமணம், இறப்புக்குத் தன்னார்வலர்கள் நடத்தும் ‘ஃப்ரீபிஎம்டி’ தளம் போதும், இலவசம். ஒரே எச்சரிக்கை: அதில் அக்ரிங்டன் என்று மாவட்டம் தேடினால் கிடைக்காது. அன்றைக்கு அந்த ஊர் ஹாஸ்லிங்டன் பதிவு மாவட்டத்தில் இருந்தது. எந்த ஊர் எந்தப் பதிவு மாவட்டம் என்பதை ‘ஜென்யூகி’ என்ற தன்னார்வத் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, ‘மார்ச் காலாண்டு’ என்றால் அந்த மூன்று மாதத்தில் பதிவானது என்றுதான் அர்த்தம். குழந்தை டிசம்பரிலும் பிறந்திருக்கலாம்.

மூன்றாம் படி: ஊர்ப்பேச்சு

வீட்டு வாசலைத் தாண்டியதும் செய்தித்தாள். ‘பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ்’ கட்டணத் தளம்தான். ஆனாலும் தேடுவது இலவசம். முடிவுகளில் இரண்டு வரி முன்னோட்டமும் தெரியும். பணம் கட்டாமல் படிக்கத் திறந்துவிட்ட பக்கங்களும் நிறைய இருக்கின்றன. இதற்கு மேல் மூன்று இலவசப் புதையல்கள்: வேல்ஸ் தேசிய நூலகத்தின் செய்தித்தாள் தளம் 1919 வரை வரும். ஆஸ்திரேலியாவின் ‘ட்ரோவ்’, நியூசிலாந்தின் ‘பேப்பர்ஸ் பாஸ்ட்’ இரண்டிலும் உள்ள பத்திரிகைகள் பிரிட்டிஷ் செய்திகளை வரிந்துகட்டிக்கொண்டு மறுபதிப்பு செய்தவை. லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்த கட்டுரை சிட்னியில் இலவசமாகக் கிடைப்பது சாதாரணம்.

தேடும்போது அந்தக் காலத்து ஆளாக மாறிவிடுங்கள். ‘முதல் உலகப் போர்’ என்று 1915இல் யாரும் எழுதவில்லை. ‘கிரேட் வார்’, ‘யூரோப்பியன் வார்’ என்று தட்டுங்கள். நபரின் முழுப்பெயருக்குப் பதில் தெருப்பெயரோடு குடும்பப்பெயரைச் சேர்த்துத் தேடுங்கள். எந்திரம் படித்த எழுத்துகளில் பிழை மலிந்திருக்கும். ஒரு சொல் கிடைக்கவில்லை என்றால் அதே செய்தியில் வந்திருக்கக்கூடிய வேறு சொல்லை முயலுங்கள்.

பழகிப் பார்க்க நமக்குத் தெரிந்த ஒரு நாளையே எடுக்கலாம். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னையைச் சுட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. ட்ரோவில் ‘எம்டன்’, ‘மெட்ராஸ்’ இரண்டையும் ஆங்கிலத்தில் கொடுத்து, 1914 செப்டம்பர் முதல் நவம்பர் வரை என்று வடிகட்டுங்கள். முதலில் இரண்டு வரித் தந்தி, பிறகு நீளமான விவரம், கடைசியில் நவம்பர் 9 அன்று ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை முடித்த கொண்டாட்டம். ஒரே நிகழ்வு வாரத்துக்கு வாரம் எப்படிக் கதையாகிறது என்று தெரியும். தேதி வடிகட்டியைக் கையாளவும் பழக்கமாகிவிடும்.

இப்போது அக்ரிங்டனுக்குத் திரும்பி, 1914 கோடைச் செய்திகளைத் தேடுங்கள். நான் வரிசையை மாற்றச் சொன்னதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. போர் தொடங்கியபோது ஹோவர்ட் அண்ட் புல்லோவில் கதவடைப்பு நடந்துகொண்டிருந்தது. பஞ்சு வியாபாரமும் படுத்திருந்தது. ஆலைகள் நின்று ஆயிரக்கணக்கானவர்கள் கூலி இல்லாமல் இருந்த ஊரில்தான் படைக்கு ஆள் சேர்த்தார்கள். பட்டாலியன் வரலாற்றை மட்டும் படிப்பவர்களுக்குப் பத்தே நாளில் ஆயிரம் பேர் திரண்டது தேசப்பற்றாக மட்டுமே தெரியும். தேசப்பற்று இல்லை என்று நான் சொல்லவில்லை. நாளுக்கு ஒரு ஷில்லிங்கும், சாப்பாடும், பூட்ஸும், கூடவே நண்பர்களும் கிடைக்கும் என்பதும் அதில் இருந்தது.

செய்தித்தாளுக்கும் ஓர் எல்லை உண்டு. 1914 ஆகஸ்ட் 8 முதல் ராஜ்யப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருந்தது. செய்திகளுக்குத் தணிக்கை இருந்தது. 1916 ஜூலை முதல் வாரச் செய்திகளைப் படித்தால் எல்லாம் நன்றாகப் போவதுபோல் இருக்கும். அதற்கடுத்த வாரங்களில் சின்னச் சின்னப் புகைப்படங்களோடு இறந்தவர்களின் பட்டியல் பக்கம் பக்கமாக நீளும். அந்த இடைவெளியில் ஊருக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைத் தலையங்கத்தில் தேடாதீர்கள். வாசகர் கடிதங்களில், காணாமல்போன மகனைப் பற்றித் தகவல் கேட்கும் அறிவிப்புகளில் பாருங்கள்.

நாடாளுமன்ற விவாதங்கள் ‘ஹேன்சார்ட்’ தளத்தில் முழுதாக உள்ளன. ரொட்டி விலை, வீட்டு வாடகை, மதுக்கடை நேரம், 1916 மே 21 அன்று கடிகாரத்தை முதன்முதலாக ஒரு மணி முன்னால் தள்ளியது என்று எல்லாவற்றுக்கும் அங்கே சண்டை உண்டு. லண்டன் குற்ற வழக்குகளுக்கு ‘ஓல்ட் பெய்லி ஆன்லைன்’, 1913 வரை. திருடப்பட்ட பொருள்களின் பட்டியலே ஒரு வீட்டுக்குள் என்னென்ன இருந்தது என்று சொல்லிவிடும். லண்டனின் சுகாதார அதிகாரிகள் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகள் ‘வெல்கம் கலெக்‌ஷன்’ தளத்தில். பால் கலப்படம், அம்மை, பிள்ளைச் சாவு, எலி. மூன்றுமே இலவசம்.

நான்காம் படி: போர்

இப்போதுதான் படை ஆவணங்கள். இதிலும் ஓர் ஒழுங்கு உண்டு; தலைகீழாகப் போனால் நேரம் வீணாகும்.

முதலில் ‘காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்’. 1917இல் வேறு பெயரில் தொடங்கி, இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரை நினைவுகூரும் அமைப்பு. தேடும் வசதி இலவசம். ஈஸ்ட் லங்காஷயர் ரெஜிமென்ட், 11ஆவது பட்டாலியன், 1916 ஜூலை 1 என்று கொடுத்தால் அக்ரிங்டன் பட்டாலியனின் அன்றைய பட்டியல் வந்து விழும். சிலருக்குப் பெற்றோர் பெயரும் முகவரியும் இருக்கும், பலருக்கு இருக்காது. குடும்பம் படிவம் நிரப்பி அனுப்பியதா என்பதைப் பொறுத்தது அது. கல்லில் சொந்தமாக ஒரு வாசகம் பொறிக்க 66 எழுத்து வரை அனுமதி. எழுத்துக்கு மூன்றரை பென்ஸ் கேட்டார்கள். ஏன் சில கற்கள் ஒன்றும் சொல்லாமல் நிற்கின்றன என்று யோசிக்கும்போது இந்தக் கணக்கும் நினைவில் இருக்கட்டும். முகவரிகளைப் பார்க்கும்போது இன்னொன்று தெரியும்: பட்டாலியனின் பெயர் அக்ரிங்டன் என்றாலும் சோர்லி, பர்ன்லி ஆட்களும் அதில் பெரும் பங்கு.

இங்கே நம் பக்கத்து விஷயமும் இருக்கிறது. சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் உள்ள முதல் உலகப் போர் நினைவுச் சின்னத்தின் பெயர்களும் இதே தளத்தில்தான். ஆனால் இந்தியப் படையினரைத் தேடுபவர்கள், பெயர் இல்லை என்றால் ஆள் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ஆப்பிரிக்கர்கள், இந்தியர்கள் உட்பட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்று ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கை ஒப்புக்கொண்டது. தரவுத்தளம் யாரை நினைவில் வைக்க முடிவு செய்தார்கள் என்பதைத்தான் காட்டும்.

அடுத்தது பட்டாலியனின் போர் நாட்குறிப்பு. லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘டபிள்யூஓ 95’ என்ற வரிசை. ‘டிஸ்கவரி’ என்ற அதன் பட்டியலில் பட்டாலியன் பெயரைக் கொடுத்துத் தேடலாம். காப்பகம் தானே டிஜிட்டல் ஆக்கிய கோப்புகளைக் கணக்கு தொடங்கி இலவசமாக இறக்கலாம்; எத்தனை கோப்பு என்பதற்கு வரம்பு உண்டு. வணிகத் தளங்களில் இருக்கும் ஆவணங்கள் இந்தச் சலுகையில் சேராது. நாட்குறிப்பை எழுதியவர் ஓர் அதிகாரி. அதனால் அதிகாரிகளின் பெயர் வரும். சாதாரணச் சிப்பாய்கள் ‘இத்தனை பேர்’ என்ற எண்ணாகத்தான் வருவார்கள். வானிலை, சேறு, கால்பந்துப் போட்டி, குளியல் முறை எல்லாம் எழுதியிருக்கும். பெரிய சண்டை நாளில் நாலே வரி இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். எழுத ஆள் மிஞ்சியிருக்க வேண்டுமே. பட்டாலியன், பிரிகேட், டிவிஷன் என்ற அடுக்குகள் குழப்பினால் ‘லாங் லாங் டிரெய்ல்’ என்ற தளம் பொறுமையாக விளக்கும். பிரிட்டிஷ் படை அமைப்பைப் பற்றி இதைவிடத் தெளிவான இடத்தை நான் பார்த்ததில்லை.

தனிநபரின் சேவைக் கோப்பைக் கடைசியில் தேடுங்கள். பெரும்பாலும் ஏமாற்றம்தான். 1940 செப்டம்பரில் ஜெர்மன் குண்டு விழுந்து லண்டன் கிடங்கில் இருந்த கோப்புகளில் சுமார் 60 சதவீதம் அழிந்தன. மிஞ்சியவற்றை ‘எரிந்த ஆவணங்கள்’ என்றே சொல்கிறார்கள். ஓரங்கள் கருகி, தீயணைப்புத் தண்ணீரில் ஊறிய தாள்கள். கோப்பு இல்லாதவர்களுக்குப் பதக்க அட்டை கைகொடுக்கும். பெயர், ரெஜிமென்ட், எண் அளவுக்குத்தான் இருக்கும், ஆனால் அநேகமாக வெளிநாட்டில் பணியாற்றிய எல்லோருக்கும் உண்டு. எண்ணை வைத்தே ஆள் என்று முடிவு செய்துவிடாதீர்கள். அன்றைக்கு ஒவ்வொரு ரெஜிமென்ட்டும் தனித்தனியாக எண் கொடுத்தது. ஒரே எண் பலருக்கு இருக்கும்.

உயிரோடு இருந்தவர்களைக் கண்டுபிடிக்க இன்னொரு குறுக்குவழி 1918ஆம் ஆண்டின் ‘வராத வாக்காளர் பட்டியல்’. அந்த ஆண்டுச் சட்டம் ஆண்களுக்கும், முப்பது வயது கடந்த பெண்களில் பெரும்பாலோருக்கும் ஓட்டுக் கொடுத்தபோது, வெளியே இருந்த சிப்பாய்களை வீட்டு முகவரி வாரியாகப் படை எண்ணோடு பதிவு செய்தார்கள். எல்லா ஊருக்கும் இணையத்தில் இல்லை. இருந்தால் நீங்கள் முதலில் குறித்த தெருக்களோடு நேராகப் பொருத்தலாம்.

கண்ணும் காதும்

இம்பீரியல் போர் அருங்காட்சியகத் தளத்தில் போர்ப் படங்களைவிட ஒலிப்பதிவுகள்தான் பொக்கிஷம். வயதான சிப்பாய்களும் குண்டு ஆலையில் வேலை செய்த பெண்களும் பேசுவதைத் தளத்திலேயே கேட்கலாம். ‘முனிஷன்ஸ் வொர்க்கர்’ என்று தேடிப் பாருங்கள். வெடிமருந்து பட்டுத் தோல் மஞ்சளானது, கையில் வந்த சம்பளம், மேற்பார்வையாளரோடு சண்டை. ஒன்றை மறக்க வேண்டாம்: இவற்றில் பல பேட்டிகள் 1970களிலும் அதன் பிறகும் எடுத்தவை. இடையில் அறுபது வருடம் படித்ததும் பார்த்ததும் அந்த ஞாபகத்தோடு கலந்திருக்கும். தேதிக்கு அவர்களை நம்பாதீர்கள்; சாப்பாட்டுக்கும் கோபத்துக்கும் நம்பலாம்.

அசையும் படங்களுக்கு, பிளாக்பர்னில் படமெடுத்த மிட்செல் அண்ட் கென்யன் என்ற நிறுவனத்தின் தொகுப்பு. அதே ஊரில் ஒரு கடையின் அடித்தளத்தில் கிடந்த பீப்பாய்களில் 1994இல் சுமார் 800 பழைய பிலிம் சுருள்கள் கிடைத்தன. ஆலை விட்டு வெளியே வரும் கூட்டத்தைப் படமெடுத்து, அன்றைக்கே சந்தைக் கூடாரத்தில் போட்டுக்காட்டி, ‘உங்களையே பாருங்கள்’ என்று காசு பார்த்தவர்கள் அவர்கள். மரக்கட்டைக் காலணி, தலைச்சால்வை, கேமரா முன்னால் குதிக்கும் பையன்கள். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் சொந்த ஒளித்திரைத் தளம் பிரிட்டனுக்கு வெளியே பெரும்பாலும் திறக்காது. அதன் யூடியூப் பக்கத்தில் சில துண்டுகள் இருக்கின்றன. செய்திப்படங்களுக்கு ‘பிரிட்டிஷ் பாதே’யின் யூடியூப் பக்கம்.

சோம் சண்டையைப் பற்றி 1916 ஆகஸ்டில் திரையிட்ட ஆவணப்படத்தையும் பார்ப்பீர்கள். அதில் சிப்பாய்கள் குழியை விட்டு மேலேறி, சிலர் சரிந்து விழும் காட்சி பயிற்சித் திடலில் நடித்து எடுத்தது. இணையத்தில் எங்கு பார்த்தாலும் அதைத்தான் நிஜக் காட்சியாகப் போடுகிறார்கள். மற்றப் பகுதிகளில் பெரும்பாலானவை உண்மையானவை. முக்கியமாக, தாக்குதலுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கும் முகங்கள்.

சேமிப்பதும் பயன்படுத்துவதும்

இறக்கிய ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் காப்பகம், வரிசை எண், பார்த்த தேதி மூன்றையும் சேருங்கள். ‘படம்1’ என்று சேமித்தால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. தளத்தின் புக்மார்க்கை மட்டும் நம்பவும் வேண்டாம். 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் பிரிட்டிஷ் நூலகத்தின் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. அங்கிருந்த டிஜிட்டல் கோப்புகளை நம்பி ஆய்வு செய்துகொண்டிருந்த பலர் அப்படியே நின்றுபோனார்கள்.

குடும்ப மரத் தளங்களில் பயனர்கள் தாங்களே கட்டிய மரங்களைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தாயைவிட மூத்த மகன்களை அங்கே நிறையச் சந்திக்கலாம். தட்டச்சு செய்த வரிக்குப் பின்னால் மூலத் தாளின் படம் இருந்தால், ஒவ்வொரு முறையும் அதைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

எழுதி வெளியிடும் எண்ணம் இருந்தால் உரிமத்தையும் பாருங்கள். அருங்காட்சியகப் புகைப்படங்கள் பலவற்றை வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசமாகத் தருகிறார்கள். விலை வைத்து விற்கும் புத்தகத்துக்கு அட்டைப்படமாக வேண்டுமென்றால் தனி அனுமதியும் கட்டணமும். பிரிட்டனில் எழுத்துக்கான பதிப்புரிமை எழுதியவர் இறந்த ஆண்டிலிருந்து 70 ஆண்டுகள் என்பதால், 1916இல் எழுதிய கடிதம்கூட எழுதியவர் 1960களில் இறந்திருந்தால் இன்னும் குடும்பத்தின் உரிமையில் இருக்கலாம். கணக்கெடுப்புத் தாள்களும் போர் நாட்குறிப்பும் அரசு ஆவணங்கள். அவற்றிலிருந்து தகவல் எடுத்து எழுதத் தடையில்லை, தாளின் படத்தை அப்படியே அச்சிடுவதாக இருந்தால் மட்டும் எந்தத் தளத்தில் இறக்கினீர்களோ அதன் விதிகளை முதலில் படித்துவிடுங்கள்.